ஏர் எடுத்த ஞாயிற்றுக்கிழமை

நஞ்சன்கூடு சாலையில், கபினிப் பாலத்துக்குச் சற்று முன்னால், கரும்பு ஏற்றிக்கொண்டு போன ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால்தான் என் மோட்டார் சைக்கிளின் முன் பிரேக் போய்விட்டது தெரிந்தது. லீவரை அழுத்தினேன். நனைந்த பஞ்சை அழுத்துவதுபோல உள்ளே போய் ஹேண்டில்பாரைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை. பின் பிரேக்கை மிதித்ததில் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுத்தது. கரும்புத் தோகை முகத்தில் உரசுகிற தூரத்தில் எப்படியோ நின்றேன். வண்டிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாடுகள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

நான் நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலையில் இருந்தேன். அன்று பிப்பெட்டில் உறிஞ்சிய அமிலம் கோட்டைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. பக்கத்தில் இருந்தவர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். தூக்கமில்லை என்று சொன்னேன். நடந்ததைச் சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்தில் யாரிடமும் நடந்ததைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

வண்டி இரண்டாம் கையாக வாங்கியது. நான் வாங்கும்போதே அந்த மாடலின் விற்பனை நின்றுபோயிருந்தது. முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் ஓடிய மோட்டார் சைக்கிள்களில் அநேகமாக எல்லாவற்றிலும் கம்பி இழுக்கிற டிரம் பிரேக்தான். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் குனிந்து என் சக்கரத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. பழுதானபோதுதான் அந்தப் பெருமையின் இன்னொரு பக்கம் தெரிந்தது. அதைத் தொட ஆள் இல்லை.

நான் குடியிருந்தது மண்டி மொஹல்லாவில், பாத்திரக் கடைகளுக்குப் பின்னால் போகும் ஒரு சந்தில். அங்கே மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. முதல் ஆள் டிஸ்க்கை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, பெங்களூருக்குக் கொண்டு போங்கள் என்றார். அடுத்தவர் கையைக்கூட நீட்டவில்லை. கடைசியில் கார் ரிப்பேர் செய்யும் ஒருவர், ஒரு பழைய அம்பாசிடரின் அடியிலிருந்து தலையை நீட்டிக் கேட்டுவிட்டு, படுத்தபடியே எனக்கு விளக்கினார். எண்ணெய் போகிற குழாயில் காற்று புகுந்திருக்கிறது. எண்ணெய் நசுங்காது, காற்று நசுங்கும். அதனால்தான் லீவர் பஞ்சாக இருக்கிறது. ஏர் எடுத்துவிட்டால் போதும். டூ வீலர் வேலை தான் செய்வதில்லை, ஆனால் இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒருவர் மேலே லீவரை அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் கீழே சக்கரத்தருகே இருக்கும் நிப்பிள் என்கிற சின்னத் திருகு மூக்கைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும். இரண்டு பேர் இருந்தால் கால் மணி நேரம்.

வீட்டில் யாராவது இருக்கிறார்கள்தானே என்று கன்னடத்தில் கேட்டார்.

“இதாரெ,” என்றேன். இருக்கிறார்கள்.

இல்லை. நான்கு மாதமாக வீட்டில் நான் மட்டும்தான்.

என் மனைவி கொள்ளேகாலைத் தாண்டி ஹனூரில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம் அவள் உண்டானாள். ஐந்தாம் மாதத்தில் குழந்தை போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவளுடைய அம்மா வந்து, ஒரு மாதம் ஓய்வெடுக்கட்டும் என்று கூட்டிப் போனார். ஒரு மாதம் இரண்டாகி நான்காயிற்று. ஆரம்பத்தில் நான் இரண்டு முறை போனேன். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், நான் நாற்காலியில். மாமியார் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். மழை பெய்ததா என்று நான் கேட்பேன். பெய்தது என்பாள். அதற்குப் பிறகு போகவில்லை. ஷிப்ட் மாற்றம், ஆடிட், வண்டி சரியில்லை என்று ஒவ்வொரு காரணமாகக் கடிதத்தில் எழுதினேன். அவள் பதில் போடுவதை நிறுத்திவிட்டாள்.

சனிக்கிழமை வேலையிலிருந்து வந்ததும் சாமான்கள் வாங்கினேன். கார் உதிரிபாகக் கடையில் ஒரு டப்பா பிரேக் ஆயில். எட்டாம் நம்பர் ரிங் ஸ்பானர். நிப்பிளில் மாட்ட, உள்ளே ஓடுவது தெரியும்படியான மெல்லிய குழாய் ஒன்று வேண்டும் என்று கார் மெக்கானிக் சொல்லியிருந்தார். எங்கும் கிடைக்காமல் மருந்துக் கடையில் போய் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப் கேட்டேன். கடைக்காரர் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டில் யாருக்கு முடியவில்லை என்று விசாரித்தார். வண்டிக்கு என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை வாசல் நடையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். ஹேண்டில்பாரில் இருக்கிற சின்ன எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்த எண்ணெய் டிகாஷன் நிறத்தில் இருந்தது. கடையில் வாங்கியதோ தேன் கலந்த தண்ணீர் மாதிரி இருந்தது. நிப்பிளில் டியூபை மாட்டி, மறுமுனையை ஒரு ஜாம் பாட்டிலில் விட்டேன். அதுவரை சரியாகத்தான் செய்தேன்.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கன்னத்தை டேங்கோடு ஒட்டி வைத்துக்கொண்டால் ஒரு கை லீவருக்கும் மறு கை ஸ்பானருக்கும் எட்டியது. ஆனால் அந்த நிலையில் எதையும் பார்க்க முடியாது. லீவரை அழுத்தி நிப்பிளைத் திறந்தேன். டியூபில் கறுப்பு எண்ணெயும் வரிசையாகக் குமிழிகளும் வந்தன. சந்தோஷத்தில் லீவரை விட்டுவிட்டேன். நிப்பிளை மூடிவிட்டுத்தான் லீவரை விட வேண்டும் என்பது ஒரு நொடி கழித்துதான் ஞாபகம் வந்தது. வெளியே வந்த குமிழிகள் அத்தனையும் டியூபில் பின்வாங்கி உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி செய்தேன். சைக்கிள் டியூபை வெட்டி லீவரை ஹேண்டில்பாரோடு இழுத்துக் கட்டிவிட்டு, கீழே வந்து நிப்பிளைத் திறந்து மூடி, மேலே போய்க் கட்டை அவிழ்த்தேன். இது வேலை செய்தது. எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து இருபது தடவை செய்திருப்பேன். குமிழி குறைந்துகொண்டு வந்தது. திடீரென்று டியூபில் எண்ணெயே இல்லாமல் வெறும் காற்று சீறியது. மேலே கிண்ணம் காலி. அதை நிரப்பிக்கொண்டே வர வேண்டும் என்பதை மறந்துபோயிருந்தேன். உச்சியிலிருந்து அடிவரை மறுபடி காற்று. அவசரமாக டப்பாவைச் சாய்த்தபோது டேங்கின் மேல் கொட்டியது. துணியால் துடைத்தேன். தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்று எனக்குத் தெரியாது. கால் மணி நேரத்தில் அந்த இடத்துச் சிவப்புப் பெயின்ட், காய்ச்சிய பாலின் ஏடு மாதிரி சுருங்கி எழும்பியது.

லீவரை அழுத்திப் பார்த்தேன். காலையில் பஞ்சாவது இருந்தது. இப்போது ஒன்றுமே இல்லை.

நடையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தேன். யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தேன். வேலையில் என்னோடு இருப்பவர்கள் எல்லாரும் நஞ்சன்கூட்டுக்காரர்கள். மாடியில் இருந்த வீட்டுக்காரர் இருதய நோயாளி, படி இறங்கமாட்டார். அவர் மனைவி காலையில்தான் மேலிருந்து எட்டிப் பார்த்து, என் மனைவி எப்போது வருகிறாள் என்று கேட்டிருந்தார். எதிர்வீட்டுக்காரரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. எனக்கு ஊர் மேட்டூர்ப் பக்கம். மைசூருக்கு வந்து ஆறு வருஷமாகியிருந்தது. கால் மணி நேரம் வந்து இதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று உரிமையோடு கேட்கக்கூடிய ஒரு ஆள் அந்த ஊரில் எனக்கு இல்லை. மாலையில் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, நான் வரும் வழியைப் பார்த்து நிற்க ஒருத்தி இருந்தவரைக்கும் எனக்கு அது உறைக்கவில்லை.

பதினொரு மணிவாக்கில் வாசலில் நிழல் விழுந்தது. என் மனைவியின் தம்பி நின்றுகொண்டிருந்தான். இருபத்தைந்து வயது, ஹனூரில் விவசாயம், சொந்த டிராக்டர் வைத்து வாடகைக்கு உழுபவன். கையில் மடித்த கோணிச் சாக்கு இரண்டு இருந்தது.

உள்ளே வரச் சொன்னேன். அவன் செருப்பைக் கழற்றினான், ஆனால் வரவில்லை. சாக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அக்கா தையல் மிசினக் கொண்டாரச் சொல்லுச்சுங்க மச்சான். அப்பறம் சீலைங்க.”

சரி என்றேன். என் இரண்டு கையும் எண்ணெயாக இருந்தது. அவன் கீழே கிடந்த ஸ்பானரையும் டியூபையும் பாட்டிலையும் பார்த்தான். என்ன வேலை என்று கேட்டான். பிரேக்கில் காற்று புகுந்துவிட்டது, எடுக்க வரவில்லை என்றேன்.

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. டிராக்டரில் டீசல் தீர்ந்துபோனால் குழாயில் காற்று பிடித்துக்கொள்ளும், போல்ட்டைத் தளர்த்திக் கையால் பம்பு அடித்து அதை வெளியே விடுவோம், இதுவும் அப்படித்தானே என்று கேட்டான். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். சாக்குகளைச் சுவரோரம் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு வண்டியின் மறுபக்கம் வந்து நின்றான். நான் கீழே உட்கார்ந்தேன்.

முதலில் எங்களுக்குத் தாளம் சரியாக வரவில்லை. நான் திறக்குமுன் அவன் விட்டுவிடுவான், அல்லது அவன் அழுத்துமுன் நான் திறந்துவிடுவேன். பிறகு ஆளுக்கொரு சொல் வைத்துக்கொண்டோம். அவன் நான்கு தடவை அழுத்தி, ஐந்தாவதைப் பிடித்துக்கொண்டு “புடிச்சாச்சு” என்பான். நான் திறப்பேன். லீவர் சரிந்து ஹேண்டில்பாரைத் தொடும். நான் மூடிவிட்டு “விடு மாப்ள” என்பேன். அவன் விடுவான். ஐந்து முறைக்கு ஒருதரம் நான் சொல்லாமலே கிண்ணத்தை எட்டிப் பார்த்து எண்ணெய் ஊற்றினான். ஒரு சொட்டு சிந்தவில்லை.

புடிச்சாச்சு. விடு மாப்ள. புடிச்சாச்சு. விடு மாப்ள.

அந்த நான்கு மாதத்தில் நான் இன்னொரு மனிதனோடு அவ்வளவு நேரம் சேர்ந்து எதையும் செய்ததில்லை. எங்களுக்குள் பேச வேண்டியது நிறைய இருந்தது, இரண்டு பேருக்கும் அது தெரியும். ஆனால் அந்த இரண்டு சொற்களைத் தவிர வேறு எதுவும் சொல்ல வேண்டியிராத அந்த அரைமணி நேரம் எனக்கு ஆறுதலாக இருந்தது. இது முடியாமல் இப்படியே போய்க்கொண்டிருக்கட்டும் என்றுகூட நினைத்தேன். டியூபில் கறுப்பு போய் மஞ்சள் வந்தது. பெரிய குமிழிகள் நின்றன, பிறகு கடுகளவு குமிழிகள், பிறகு எண்ணெய் மட்டும் ஒரே இழையாக இறங்கியது. அவன் லீவரை அழுத்திவிட்டு நிறுத்தினான்.

“கல்லாட்டம் இருக்குதுங்க மச்சான்.”

நான் எழுந்து அழுத்திப் பார்த்தேன். பாதி தூரத்தில் நின்றது, அதற்கு மேல் அசையவில்லை. சந்தில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, பாத்திரக் கடை முன்னால் பிடித்தேன். முன்பக்கம் அமுங்கி வண்டி நின்றது. திரும்பி வந்து இன்னொரு முறை நிப்பிளைத் தொட்டுப் பார்த்தேன், கசிவு இல்லை.

கை கழுவிவிட்டு உப்புமா கிண்டினேன். சாப்பிட்டோம். பிறகு தையல் மிஷினிடம் போனோம். கால் ஸ்டாண்டு பஸ்ஸில் போகாது, தலையை மட்டும் கழற்ற வேண்டும். அதற்கும் இரண்டு பேர் வேண்டியிருந்தது. அவன் தூக்கிப் பிடிக்க, நான் அடியில் இருந்த திருகாணிகளைத் தளர்த்தினேன். ஊசியில் பச்சை நூல் கோத்தபடியே இருந்தது. யாருக்கோ தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டுக்கான நூல். அதை உருவுவதா, விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

சாக்கில் சுற்றும்போது, அவள் இனி வருவதாக இல்லையா என்று கேட்டேன். அவன் கயிற்றை முடிந்துகொண்டிருந்தான். நிமிரவில்லை.

“எனக்கெப்படிங்க தெரியும்? நீங்க வந்து கேட்டாத்தானுங்க.”

வண்டி இந்த நிலையில் இருந்தது, பிரேக் இல்லாமல் அவ்வளவு தூரம் எப்படி வருவது என்றேன்.

“பஸ்ஸு ஓடுதுங்களே மச்சான்,” என்றான்.

கோபமில்லாமல்தான் சொன்னான். கொள்ளேகாலுக்கு எந்நேரமும் பஸ் இருந்தது, அங்கிருந்து ஹனூருக்கும் இருந்தது. அவன் அன்று காலை அதில்தான் வந்திருந்தான். நான் நடைக்குப் போய்ச் சைக்கிள் டியூபை எடுத்து வந்தேன். நீ பஸ்ஸில் போக வேண்டாம், நானே கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். மிஷின் தலையைச் சாக்கோடு பின்னால் கேரியரில் வைத்து, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினோம். சேலைகளின் மூட்டையை அவன் மடியில் வைத்துக்கொண்டான். வழியில் நரசிபுரத்தில் ஒருமுறையும் கொள்ளேகாலில் ஒருமுறையும் நிறுத்தி நிப்பிளைப் பார்த்தேன். உலர்ந்தே இருந்தது.

ஹனூர் போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. அவள் வாசலை ஒட்டிய களத்தில் முறத்தால் சோளம் அள்ளிக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் ஒரே வண்டியில் பார்த்ததும் கை நின்றுபோயிற்று. சாப்பிட்டீர்களா என்றுதான் முதலில் கேட்டாள். டேங்கில் பெயின்ட் சுருங்கியிருந்ததைத் தொட்டுப் பார்த்தாள். தம்பி மூட்டைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். நாங்கள் இரண்டு பேரும் களத்தின் ஓரத்தில் நின்றோம்.

அவளிடம் நான் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் குழந்தையை ஒரு துணியில் சுற்றி என்னிடம்தான் கொடுத்தார்கள். ஒரு ஊழியர் வழிகாட்ட, நான்தான் கொண்டுபோய் அடக்கம் செய்தேன். அன்று சாயங்காலம் அவள் மயக்கம் தெளிந்து குழந்தையை என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது, அதெல்லாம் இப்போது எதற்கு என்றேன். மறுநாள் காலை வேலைக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள். அப்போதும் அதையே சொன்னேன். அவளுடைய மனசு தாங்காது என்று நினைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தாங்காமல் இருந்தது என்னுடையது.

களத்தில் நின்றபடி அதைச் சொன்னேன். பெண் குழந்தை என்றேன். என்ன துணி, எந்த மயானம், எந்தச் சுவரோரம், மேலே என்ன வைத்தேன் எல்லாம் சொன்னேன். சொல்லி முடிக்க நேரமாயிற்று. அவள் சோளத்தை முறத்தோடு பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அழுதாள், சத்தமில்லாமல்.

“நான் உங்களக் கேட்டது இது ஒண்ணுதானுங்க,” என்றாள். “வேற என்னத்தக் கேட்டேன்?”

ஆமாம் என்றேன். அன்றிரவு அங்கேயே வெளிக் கட்டிலில் படுத்து, மறுநாள் விடிந்ததும் தனியாகத் திரும்பினேன். வா என்று நான் கூப்பிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே பஸ் ஏறி மைசூருக்கு வந்தாள். கையில் ஒரு சின்னப் பை மட்டும் இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் இருக்க வரவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்குள் வந்து தண்ணீர் குடித்தாள். அந்த இடத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். வண்டியில் என் பின்னால், முன்பு உட்கார்வதுபோலவே ஒரு பக்கமாக உட்கார்ந்துகொண்டாள். ஆனால் கை என் தோளில் இல்லை, கேரியர் கம்பியில் இருந்தது.

அங்கே அடையாளம் ஒன்றும் இல்லை. புல் வளர்ந்திருந்தது. சுவரிலிருந்து எத்தனை அடி என்று அளந்து காட்டினேன். அவள் உட்கார்ந்து அந்த இடத்தைக் கையால் தடவினாள். பையிலிருந்து பச்சைத் துணியில் தைத்த ஒரு சின்னச் சட்டையை எடுத்து, மண்ணைக் கொஞ்சம் கிளறி, உள்ளே வைத்து மூடினாள். நான் தள்ளி நின்றேன். அருகில் போகலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கூப்பிடவும் இல்லை.

பஸ் ஸ்டாண்டில், ஊரிலேயே தையல் கடை போடப் போவதாகச் சொன்னாள். தம்பி இடம் பார்த்துவிட்டானாம். என் மேல் கோபம் இல்லை என்றும், இங்கே இருந்தால் மறுபடி பேச்சு நின்றுபோய்விடும் என்று பயமாக இருக்கிறது என்றும் சொன்னாள். அப்படி ஆகாது என்று நான் சொல்லவில்லை. என்னை எனக்குத் தெரியும்.

இரண்டு வருஷம் கழித்துப் பெரியவர்கள் பேசி, இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தோம். பிறகு அவளுக்கு ராமாபுரத்தில் இன்னொரு கல்யாணம் நடந்தது. தம்பிதான் கடிதம் போட்டுத் தெரிவித்தான், மச்சான் என்று ஆரம்பித்து. எனக்கு அப்படிக் கடிதம் எழுதும் ஆள் அவன் ஒருவன்தான் இருந்தான். நானும் பதில் எழுதினேன். அவன் கேட்டதற்கெல்லாம், ஒன்றையும் விடாமல்.